டர்பனில் வீட்டை முகவரிடம் ஒப்படைத்தல்: புதிதாக வாடகைக்கு விடுவோருக்காக ஒரு சேவை மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பெரியா மேட்டுப் பகுதியில் அலுவலகம் வைத்திருக்கும் நடுத்தர அளவிலான ஒரு வாடகை முகவர் நிறுவனத்தின் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. மஸ்கிரேவ் பகுதியில், செக்‌ஷனல் டைட்டில் முறையில் (வீடு அவரவருக்கு, பொது இடங்கள் எல்லாருக்கும் சேர்த்து என்ற உரிமை முறை) அமைந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்களுக்குச் சொந்தமான இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை இவர்கள் வழியாகத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறோம். நிறைகளோடு ஒரு பெரிய குறையையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாததால் வாசகருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. இந்த ஊரில் இதே வகையில் இயங்கும் நிறுவனங்கள் பல உண்டு, கீழே சொல்லப்படுவனவற்றை எந்த நிறுவனத்தோடும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இவர்கள் இரண்டு வகைச் சேவைகளை விற்கிறார்கள். முதலாவது, ஆள் பிடித்துக் கொடுப்பதோடு முடிந்துவிடும்: விளம்பரம், விண்ணப்பங்களைச் சரிபார்த்தல், ஒப்பந்தம் எழுதுதல், சாவியை ஒப்படைத்தல். இதற்கு ஒரு மாத வாடகைக்கு ஈடான தொகையை ஒரே தடவையில் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாவது முழு மேலாண்மை. மாத வாடகையில் 10 விழுக்காடு, அதன் மீது 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி, ஆக 11.5 விழுக்காடு. நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவது. மாதம் பிறந்ததும் வாடகையை வாங்கித் தருவதற்காக மட்டும் இந்தத் தொகையைக் கொடுக்கிறோம் என்று நினைத்தால் இது அநியாயமான விலைதான், ஏனென்றால் வங்கியில் ஒரு டெபிட் ஆர்டர் போட்டுவிட்டால் அந்த வேலை தானாகவே நடந்துவிடும். தென்னாப்பிரிக்கச் சட்டம் வீட்டுக்காரர் தலையில் கட்டியிருக்கும் கெடுக்களையும் தாள்களையும் ஒன்று விடாமல் வேறொருவர் கவனித்துக்கொள்கிறார் என்பதற்குத்தான் இந்தப் பணம், அந்த வேலையில் இந்த நிறுவனம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் இதை மதிப்பிட வேண்டும்.

கையொப்பம் இடுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஃபிடலிட்டி ஃபண்ட் சான்றிதழ், அதாவது முகவர் பணத்தைக் கையாடினால் ஈடு தரும் நிதியின் சான்றிதழ். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, 2019ஆம் ஆண்டின் சொத்துத் தரகர்களுக்கான சட்டப்படி, இந்தச் சான்றிதழ் இல்லாதவர் முகவராக வேலை செய்யவும் கூடாது, கமிஷன் கேட்கவும் முடியாது. நிறுவனத்துக்குத் தனியாகவும், நம்மோடு பேசும் முகவருக்குத் தனியாகவும் அது இருக்க வேண்டும். இந்த நிறுவனத்தில் அது வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஃபிரேம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. முகவரும் தம்முடையதன் நகலைக் கேட்டவுடன் கொடுத்தார். கோயிலில் பழக்கம், ஒரே ஊர்க்காரர், நெடுநாள் நண்பரின் மைத்துனர் என்ற உறவுகளை நம்பிச் சான்றிதழ் இல்லாத ஒருவரிடம் சாவியையும் முன்பணத்தையும் கொடுப்பவர்கள் இங்குள்ள நம் தமிழர்களிடையே நிறையப் பேர். அந்தப் பணம் காணாமற்போனால் இழப்பீட்டு நிதியை அணுகும் வழியும் சிக்கலாகிவிடும்.

வாடகைதாரரைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். விண்ணப்பித்தவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் கடன் வரலாற்றை எடுக்கிறார்கள்; தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அது அவசியம். மூன்று மாதச் சம்பளச் சீட்டும் மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்கிறார்கள். எங்களுக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விண்ணப்பதாரரைப் பற்றி முகவர் எழுதியிருந்த குறிப்பு என் மனத்தில் பதிந்தது. சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது, கடன் மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. ஆனால் சம்பளம் வரவான அன்றே அதில் பெரும்பகுதி குறுங்கடன் நிறுவனங்களுக்குப் போய்விடுகிறது, மாதத்தின் நடுவில் கணக்கில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, முந்தைய வாடகை ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு தேதியில் போயிருக்கிறது என்று வரிவரியாகக் குறித்திருந்தார். முந்தைய வீட்டுக்காரரோடு பேசியதையும் சேர்த்திருந்தார், அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், ஆள் போனால் போதும் என்று நல்லவிதமாகச் சொல்லக்கூடும் என்பதால், அதற்கும் முந்தைய வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். இந்த ஓர் அறிக்கையை நாமே தயாரிக்க முயன்றால் பாதிக்கு மேல் கைவிட்டுவிடுவோம்.

இதே இடத்தில் நம்மவர்களுக்குச் சங்கடமான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். “நம்ம ஆளுக்குத்தான் கொடுப்பேன்” என்றோ, “சைவம் சாப்பிடும் குடும்பமாக இருந்தால் நல்லது” என்றோ முகவரிடம் சொல்லி வைப்பது சென்னையில் சாதாரணப் பேச்சு; இங்கே 1999ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, விளம்பரம் செய்யும்போதும் பேரம் பேசும்போதும் குடியிருக்கும்போதும் இனம், மதம், மொழி, பண்பாடு, திருமண நிலை முதலிய எதை வைத்தும் நியாயமற்ற பாகுபாடு காட்டக்கூடாது என்று தடுக்கிறது. எங்கள் முகவர் இதை முதல் சந்திப்பிலேயே, சிரித்த முகத்தோடு, ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார். என் பார்வையில் அது நல்ல முகவருக்கு அடையாளம். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்பதைப் பார்க்கும் வீட்டுக்காரருக்கு மற்றவை தேவைப்படுவதும் இல்லை.

இனி, இந்தச் சேவையின் உயிர்நாடியான பகுதிக்கு வருகிறேன். சட்டப்படி, வாடகைதாரர் குடியேறுவதற்கு முன்னர் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டு, உள்ள குறைகளை எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மறுபடியும் சேர்ந்து பார்வையிட வேண்டும். வாடகைதாரர் இருந்தும் வீட்டுக்காரர் இந்தப் பார்வையிடலைச் செய்யாவிட்டால், வீடு நல்ல நிலையில் இருப்பதாக அவரே ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும், அதன் பிறகு முன்பணத்தில் ஒரு ராண்டைக்கூடச் சேதத்துக்காகப் பிடிக்க முடியாது. சேதம் ஒன்றும் இல்லை என்றால் ஒப்பந்தம் முடிந்த ஏழு நாட்களுக்குள் முன்பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பழுதுச் செலவைக் கழித்துக்கொள்வதானால், வீடு நம் கைக்குத் திரும்பி வந்ததிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் மிச்சத்தைத் தர வேண்டும். செலவுக்கான ரசீதுகளை வாடகைதாரர் பார்ப்பதற்குக் கொடுக்கவும் வேண்டும். பார்வையிடலுக்கு வாடகைதாரர் வராமல் போனால் மட்டும், ஒப்பந்தம் முடிந்த ஏழு நாட்களுக்குள் வீட்டுக்காரர் தனியே பார்வையிட்டு, இருபத்தொரு நாட்களுக்குள் கணக்கை முடிக்கலாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸை வாங்கி, காலி செய்யும்போது வெள்ளையடித்த கூலி என்று ஒரு தொகையைக் கணக்குக் காட்டாமல் கழித்துக்கொண்ட தலைமுறைக்கு இவையெல்லாம் கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் இவை எழுதப்பட்டிருப்பதால்தான் கணக்குத் தீர்க்கும்போது சண்டை வருவதில்லை.

இந்தப் பார்வையிடலை இவர்கள் செய்யும் விதத்தை நேரில் பார்த்தேன். பார்வையாளராக வந்த பெண்மணி கையில் டேப்லெட்டோடு ஒவ்வோர் அறையிலும் வாசலுக்கு வலப்புறச் சுவரிலிருந்து தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அடுப்பின் நான்கு தகடுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சூடு வருகிறதா என்று பார்த்தார்; ஓவனின் உட்புற ரப்பரைப் படமெடுத்தார்; குளியலறை மேற்கூரையில் மூலையில் படர்ந்திருந்த கரும்பூஞ்சையை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, “முன்பே உள்ளது” என்று எழுதினார். கடற்காற்றில் இறுகிப்போன ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். ப்ரீபெய்டு மின்சார மீட்டரின் எண்ணையும் மிச்சமிருந்த யூனிட்டையும் குறித்துக்கொண்டார். கடைசியில் சாவிகளை மேசைமேல் வரிசையாக வைத்து, கேட் ரிமோட்டோடு சேர்த்து ஒரு படம். புதிதாகக் குடிவந்தவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டார். இந்த ஓர் அறிக்கைக்காகவே முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. சொந்தமாக இதைச் செய்ய முடியாது என்பதில்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் சாவியைக் கொடுக்கும் நாளில் வாடகைதாரரோடு தேநீர் குடித்துவிட்டு, “பார்த்துக்கலாம்” என்று வந்துவிடுகிறோம்.

முன்பணத்தைப் பற்றி ஒரு சொல். அது வீட்டுக்காரரின் பணம் அல்ல. வட்டி தரும் கணக்கில் போட்டு வைக்க வேண்டும், வட்டியும் வாடகைதாரருக்கே சேரும். கேட்டால் வட்டிக் கணக்கையும் காட்ட வேண்டும். இந்த நிறுவனம் அதை முறையாகச் செய்கிறது. வேறு முகவர்கள் தரும் படிவங்களில் “முன்பண வட்டி நிறுவனத்துக்குச் சேரும்” என்ற வகையில் ஒரு வரி நுழைந்திருந்தால் அதைக் கண்டதும் பேனாவை மூடிவிடுவது நல்லது.

ஒப்பந்தம் எழுதுவதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டியே அதை எழுதியிருக்கிறார்கள்: வாடகைதாரர் இருபது வேலை நாட்கள் முன்னறிவிப்புக் கொடுத்து நடுவில் விலகலாம், நாம் நியாயமான ஒரு தொகையை இழப்பீடாகக் கேட்கலாம், அவர் ஒப்பந்தத்தை மீறினால் நாமும் இருபது வேலை நாட்கள் கெடு கொடுத்து, சரிசெய்யாவிட்டால் முறித்துக்கொள்ளலாம். காலம் முடிவதற்கு நாற்பது முதல் எண்பது வேலை நாட்களுக்கு முன்னர் முடிவுத் தேதியையும் புதிய நிபந்தனைகளையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உள்ளதுதான். அந்தக் கடிதம் உரிய காலத்தில் எங்கள் பெயரில் போய்விட்டது. “பன்னிரண்டு மாதம் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பன்னிரண்டு மாத வாடகை உறுதி” என்று கணக்குப் போட்டு வங்கிக் கடன் எடுப்பவர்கள் முதல் விதியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

குறை என்று சொன்னது பழுதுபார்ப்பு விஷயத்தில். எங்கள் ஃபிளாட்டில் கீசர் வெடித்து, கீழ்த்தள வீட்டின் மேற்கூரைவரை தண்ணீர் இறங்கியது. இந்த நாட்டில் கீசர் வெடிப்பது ஜலதோஷம் பிடிப்பதைப் போல. எல்லார் வீட்டுக்கும் ஒரு நாள் வரும். பெரும்பாலான செக்‌ஷனல் டைட்டில் கட்டடங்களில் பாடி கார்ப்பரேட் (வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பு) எடுத்திருக்கும் கட்டடக் காப்பீட்டிலேயே கீசர் அடங்கிவிடும், உரிமையாளர் அந்தப் பாலிசியின் எக்ஸஸ் தொகையை (காப்பீடு பெறுபவர் தாமே ஏற்க வேண்டிய பங்கை) மட்டும் கட்டினால் போதும். முகவர் நிறுவனம் இதை விசாரிக்காமல், தன் பட்டியலில் உள்ள குழாய்ப் பணியாளரை அனுப்பி, புதிய கீசரைப் பொருத்தி, முழுத் தொகையையும் அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொண்டு அறிக்கை அனுப்பியது. வேலை தரமாகத்தான் இருந்தது, சான்றிதழும் கொடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆள் வந்ததையும் பாராட்ட வேண்டும். ஆனால் கட்டடத்தின் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய செலவு அது. பின்னர் நானே காப்பீட்டு விண்ணப்பம் போட்டு, பழைய கீசரின் படங்களுக்கும் பணியாளரின் அறிக்கைக்கும் அலைந்து, ஒரு பகுதியைத்தான் மீட்க முடிந்தது. முகவரிடம் எழுத்தில் முறையிட்டபோது, வருத்தம் தெரிவித்துவிட்டு, மேண்டேட் படிவத்தில் (முகவருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில்) “அவசரப் பழுதுகளை முகவர் தம் விருப்பப்படி செய்யலாம்” என்ற வரியைச் சுட்டிக்காட்டினார்கள்.

அந்த வரியைத்தான் புதிதாக வருபவர்கள் திருத்த வேண்டும். குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மேல் எந்தச் செலவானாலும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும். கீசர், குழாய், கூரை ஆகியவற்றில் பழுது என்றால் முதலில் கட்டடக் காப்பீட்டைக் கேட்க வேண்டும். இவ்விரண்டையும் மேண்டேட்டிலேயே சேர்க்கச் சொன்னால் சேர்க்கிறார்கள். கேட்காதவர்களுக்கு யாரும் சேர்த்துக் கொடுப்பதில்லை.

வாடகை வராமல் போனால் என்ன செய்கிறார்கள் என்பதை எங்கள் அனுபவத்தில் பார்க்க நேரவில்லை. ஒப்பந்தத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். கெடு நாளைத் தாண்டியதும் குறுஞ்செய்தி, பின்னர் மீறல் அறிவிப்பு, அது முடிந்ததும் ஒப்பந்த முறிவுக் கடிதம் என்பதுவரை அவர்கள் பொறுப்பு. அதற்கு மேல் வழக்கறிஞர் செலவு நம்முடையது. இந்தக் கடைசி வாக்கியம் சிற்றெழுத்தில் இருக்கிறது, ஆனால் தலைவலி முழுவதும் அதில்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, எல்லாச் சூழல்களையும் கருதிப் பார்த்து நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணை இல்லாமல் ஒருவரை அவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது என்கிறது. 1998ஆம் ஆண்டின் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டம், ஒப்பந்தம் முறிந்த பிறகும் தங்கியிருக்கும் வாடகைதாரருக்கும் பொருந்தும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்துவிட்டது. விசாரணைக்குக் குறைந்தது பதினான்கு நாட்களுக்கு முன்னர் குடியிருப்பவருக்கும் நகராட்சிக்கும் அறிவிப்புப் போக வேண்டும். எதிர்த்து வாதாடினால் மாதக்கணக்கில் இழுக்கும், அத்தனை மாதமும் லெவியும் (பாடி கார்ப்பரேட்டுக்குக் கட்டும் மாதப் பராமரிப்புத் தொகையும்) கடன் தவணையும் நம் கணக்கிலிருந்துதான் போகும். எனவே வீட்டை வாங்கும்போதே சில மாத வாடகைக்கு ஈடான தொகையை ஒதுக்கி வைக்க முடியாதவர் வீட்டை வாடகைக்கு விடும் தொழிலுக்கு இன்னும் தயாராகவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நெடுங்காலமாக வீடு விட்டுவரும் ஒரு பெரியவர், நான் இதையெல்லாம் விளக்கியபோது சிரித்துவிட்டு, “அவ்வளவு தூரம் எதுக்குத் தம்பி, கரண்டை நிறுத்திட்டா ரெண்டு நாள்ல தானா காலி பண்ணிடுவான்” என்றார். “பெரியவரே, அதுக்கு உங்களையே உள்ள தள்ளிடுவாங்க” என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனால் அது உண்மை. ஆணை இல்லாமல் பூட்டை மாற்றுவதும் தண்ணீர், மின்சாரத்தைத் துண்டிப்பதும் வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி குற்றம், அபராதமோ இரண்டு ஆண்டுவரை சிறையோ விதிக்க இடமுண்டு. வாடகைதாரரும் வீட்டுக்காரரும் கட்டணமின்றி அணுகக்கூடிய வாடகைக் குடியிருப்புத் தீர்ப்பாயம் டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்திலும் இருக்கிறது; அதன் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணைக்குரிய வலு உண்டு. வெளியேற்ற ஆணையை மட்டும் அது தர முடியாது. பாக்கி வாடகை, முன்பணத் தகராறு, பழுது பற்றிய வழக்குகளுக்கு வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன் அங்கே போவதே சிக்கனம்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பகுதிகளில் உள்ள நம் குடும்பங்களுக்கு முதல் வாடகை வருமானம் பெரும்பாலும் ஃபிளாட்டிலிருந்து வருவதில்லை. வீட்டின் பின்புறத்தில் கட்டிய அவுட்பில்டிங்கிலிருந்து வருகிறது. அப்படிப்பட்ட ஒரு வீட்டை இந்த நிறுவனத்திடம் ஒப்படைக்க முடியுமா என்று உறவினர் ஒருவருக்காகக் கேட்டேன். நகராட்சி ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடம் இருந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். உறவினருக்குக் கோபம் வந்தது; எனக்கு நிறுவனத்தின் மீது மதிப்புக் கூடியது. வரைபட ஒப்புதல் இல்லாமல் எழுப்பிய கட்டடத்தில் தீ பிடித்தாலோ, 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது பல இடங்களில் நடந்ததைப் போல மண்சுவர் சரிந்தாலோ, காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் தாள் அந்த வரைபடம்தான். விற்கும் நாளிலும் வாங்குபவரின் வங்கி அதையே கேட்கும். இன்னொரு சிக்கல் தண்ணீர். முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் ஒரே மீட்டர், டர்பனின் ஈத்தேக்வினி நகராட்சிக் கணக்கு வீட்டுக்காரர் பெயரில்; பின்வீட்டுக் கழிப்பறைத் தொட்டி ஒழுகினால் அந்தக் கட்டணம் முழுவதும் முன்வீட்டுக்குத்தான் வரும். ஒரு சிறிய துணை மீட்டரைப் பொருத்திவிட்டு, அதன் அளவின்படி வசூலிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது பின்னால் வரும் மனத்தாங்கலைக் குறைக்கும்.

இந்த நிறுவனம் தரும் எண்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வீடு வாங்கத் தேடுபவர்களுக்கு இவர்கள் அச்சிட்டுக் கொடுக்கும் துண்டறிக்கையில், வருட வாடகையை விலையால் வகுத்து வரும் விழுக்காட்டைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டாகப் பத்து லட்சம் ராண்ட் விலையுள்ள ஃபிளாட்டுக்கு மாத வாடகை 9,500 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். துண்டறிக்கைக் கணக்கில் 11.4 விழுக்காடு வருமானம். இனி ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கிறது என்று கொண்டால் கைக்கு வரும் வாடகை 1,04,500. அதில் முகவர் கட்டணம் வரியோடு ஏறக்குறைய 12,000 போகும். மாத லெவி 2,200 என்றால் ஆண்டுக்கு 26,400. நகராட்சி வரி மாதம் 1,100 என்றால் 13,200. பழுதுக்கு 6,000 ஒதுக்குகிறோம். மிஞ்சுவது சுமார் 46,900 ராண்ட், அதாவது 4.7 விழுக்காடு. இதற்கு மேல் வங்கிக் கடனுக்கான வட்டி இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் 12,10,000 ராண்ட் வரையிலான விலைக்குச் சொத்து மாற்று வரி இல்லை என்பது உண்மைதான், துண்டறிக்கையும் அதை மறக்காமல் சொல்கிறது. ஆனால் பத்திரம் மாற்றும் வழக்கறிஞருக்கும் கடன் பதிவுக்கும் தனித்தனியாகக் கட்டணம் உண்டு என்பது அதில் இல்லை. கட்டடத்தின் பாடி கார்ப்பரேட் கூட்டக் குறிப்புகளையும் கடைசி ஆண்டு வரவுசெலவுக் கணக்கையும் வாங்கிப் படிக்காமல் விலை பேசக் கூடாது. லிஃப்டை மாற்றவோ வெளிப்புறம் முழுவதும் வண்ணம் பூசவோ சேமநிதியில் பணம் இல்லை என்றால், சிறப்பு லெவி என்ற பெயரில் அது நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும், அந்த ஆண்டின் 4.7 விழுக்காட்டையும் அது விழுங்கிவிடும்.

வருமான வரிக்கு இவர்கள் ஆண்டு முடிவில் அனுப்பும் அறிக்கை பயனுள்ளது. முகவர் கட்டணம், பழுது ஆகியவை தனித்தனியாகக் காட்டப்பட்டிருப்பதால், நாம் கடன் வட்டி, லெவி, நகராட்சி வரி, காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். கடனின் அசலையும், புதிய சமையலறை போன்ற மேம்பாடுகளையும் வாடகையிலிருந்து கழிக்க முடியாது. கழிப்பறைக் குழாயை மாற்றுவது பழுது, கழிப்பறையையே புதிதாகக் கட்டுவது மேம்பாடு என்ற வேறுபாட்டை முகவரின் அறிக்கை எப்போதும் சரியாகப் பிரிப்பதில்லை. ரசீதுகளைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது, மேம்பாட்டுச் செலவு பின்னாளில் விற்கும்போது மூலதன ஆதாய வரிக் கணக்கில் உதவும்.

வெளியூரில் அல்லது வெளிநாட்டில் இருப்பவர்களும், முதல் வீட்டை முதன்முதலாக விடுபவர்களும் முழு மேலாண்மையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு அருகில் வசிப்பவர், நம்பகமான குழாய்ப் பணியாளரும் மின்பணியாளரும் தெரிந்தவர், கடிதம் எழுதச் சோம்பாதவர் என்றால் ஆள் பிடித்துக் கொடுக்கும் சேவையோடு நிறுத்திக்கொண்டு, தொடக்கப் பார்வையிடலுக்கும் முடிவுப் பார்வையிடலுக்கும் மட்டும் தனிக் கட்டணம் கொடுப்பது லாபம். கேட்டால் இவர்கள் அப்படியும் செய்து தருகிறார்கள், விலைப்பட்டியலில் மட்டும் அது இருக்காது.

எந்தச் சேவையை எடுத்தாலும் மேண்டேட்டின் கடைசிப் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். முகவர் கொண்டுவந்த வாடகைதாரர் அந்த வீட்டில் இருக்கும்வரை, நாம் முகவரை விலக்கிவிட்டாலும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் கமிஷன் உண்டு என்று அங்கே ஒரு விதி இருந்தது. அதை அடித்துவிட்டு, முதல் புதுப்பித்தலுக்கு மட்டும் பாதிக் கட்டணம் என்று எழுதும்படி கேட்டோம். மேலாளர் சற்றுத் தயங்கிவிட்டு, திருத்தத்தின் பக்கத்தில் தம் சுருக்கொப்பத்தை இட்டுக் கொடுத்தார்.